பத்துப் பேருக்கு ஒரே பதில்

எங்கள் பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு மாதாமாதம் முதல் வியாழக்கிழமை மனநல டாக்டர் வருகிறார். முப்பது நாளைக்கு மாத்திரை தருகிறார்கள். நோயாளி வர முடியாவிட்டால் வீட்டு ஆள் போய் வாங்கிக்கொள்ளலாம். இது தொடங்கி ஒரு வருடம் ஆனபோது ஒரு சேவைச் சங்கத்தில் கூப்பிட்டு எனக்குச் சால்வை போட்டார்கள். இந்த ஏற்பாடு வந்ததற்கு நான்தான் காரணம் என்று ஒருவர் மைக்கில் பேசினார். தாயுள்ளம் என்றார், தியாகம் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சேவையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. நான் ஓர் ஆளைப் பழி வாங்கப் போனேன். அவன் மேல் இருந்த ஆத்திரம் இழுத்துக்கொண்டு போன இடத்தில் மற்றதெல்லாம் நடந்தது. மேடையில் அதைச் சொல்ல முடியாது. இங்கே சொல்லலாம்.

திருப்பூர் தனி மாவட்டம் ஆகாத காலம் அது. வீரபாண்டியில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் நான் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வருகிற பனியனை மேசையில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் என்று பார்த்து, குறை இருக்கிற இடத்தில் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டுவதுதான் செக்கிங். பதினைந்து வருடம் அந்த வேலையைச் செய்தால் மனுஷரைப் பார்த்தாலும் கண் குறையில்தான் போய் நிற்கும். என் வீட்டுக்காரர் என்னை விட்டுப் போனபோது சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று. அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் இது அவரைப் பற்றியது இல்லை.

வீட்டில் அம்மா, நான், தம்பி. தம்பி என்னைவிட ஏழு வயது இளையவன். கட்டிங் மாஸ்டராக இருந்தான். அவன் வெட்டிய பனியனில் கழுத்துக் கோணியது என்று எந்தத் தையல்காரரும் சொன்னதில்லை. இருபத்தைந்தாவது வயதில் ஒருநாள், கட்டிங் மேசையில் அடுக்கிய துணிக்குள்ளிருந்து யாரோ தன்னைத் திட்டுகிறார்கள் என்றான். துணியை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். அடுத்த மாதம் சாப்பாட்டிலும் அந்தக் குரல் வந்தது. கோயில், கயிறு, மந்திரித்த எலுமிச்சம்பழம் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாத்திரை சாப்பிட்ட மூன்றாவது மாதம் குரல் நின்றது. கத்தி பிடிக்கிற வேலை வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் எங்கள் கம்பெனியிலேயே துணி மடித்து அடுக்குகிற இடத்தில் ஹெல்ப்பராகச் சேர்ந்தான். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை.

அந்த மாத்திரை இங்கே கிடைக்காது. பக்கத்து நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எந்த நகரம் என்று நான் எழுதப் போவதில்லை. செவ்வாய்க்கிழமை மட்டும்தான் தருவார்கள், ஏழு நாளைக்கு மட்டும்தான் தருவார்கள், நோயாளியே நேரில் வந்து நிற்க வேண்டும். சீட்டை அவர்களே வாங்கி வைத்துக்கொள்வார்கள். சீட்டு இல்லாமல் மருந்துக் கடைக்காரர் அந்த மாத்திரையைக் கையில்கூட எடுக்க மாட்டார். விடியற்காலை பஸ் பிடித்து, டோக்கன் போட்டு, டாக்டரைப் பார்த்து, மருந்து ஜன்னலில் நின்று திரும்பினால் சாயங்காலம் ஆகிவிடும். ஷிப்மென்ட் இருக்கிற வாரத்திலும் செவ்வாய்க்கிழமை லீவு கேட்கிறவளை எந்தக் கம்பெனி எத்தனை நாள் வைத்துக்கொள்ளும்? கேட்கிற ஒவ்வொரு தடவையும் மேனேஜர் காலண்டரைப் பார்ப்பார். நானும் பார்ப்பேன்.

அந்த ஜன்னலுக்குப் பின்னால் ஒரு கம்பவுண்டர். ஐம்பதைத் தொட்டவன், நெற்றியில் பட்டை, சட்டைப் பையில் நான்கு பேனா. நேரில் 'சார்' போட்டேன், எழுத்தில் அவன்தான். டாக்டர்கள் நல்லபடியாகத்தான் பேசினார்கள். ஆனால் டாக்டரைப் பார்ப்பது இரண்டு நிமிடம், இவன் முன்னால் நிற்பது இரண்டு மணி நேரம். நோயாளி ஒருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டான். "ஏய் பதினெட்டு, வாய மூடிட்டு வா" என்பான். மாத்திரையைக் கையில் தராமல் பலகை மேல் விசிறுவான், பாதி கீழே விழும், அவரவர் குனிந்து பொறுக்கிக்கொள்ள வேண்டும். கை நடுங்குகிறவர்கள் பொறுக்கச் சிரமப்படுவதைப் பார்த்துக்கொண்டே அடுத்த நம்பரைக் கூப்பிடுவான். தேளுக்கு மணியம் கொடுத்தால் ஜாமத்துக்கு ஜாமம் கொட்டும் என்று எங்கள் அம்மா சொல்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை தம்பி பஸ் ஏற மாட்டேன் என்றான். அதற்கு முந்தின வாரம் பஸ்ஸில் இரண்டு பேர் அவனைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். கெஞ்சினேன், திட்டினேன், அசையவில்லை. நான் மட்டும் போனேன். ஜன்னலில் விஷயத்தைச் சொன்னேன். "ஏனுங்க சார், அவனுக்கு உடம்பு முடியலீங்க. இந்த ஒரு வாரம் மட்டும் என்கிட்டக் குடுத்து உடுங்க."

அவன் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இல்லாத பைத்தியத்துக்கு மாத்திரை கிடையாது. ஆளக் கூட்டிட்டு வா" என்றான். வரிசையில் நின்ற சிலர் சிரித்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்களும் அவனிடம்தான் அடுத்து நிற்க வேண்டும். டாக்டரிடம் ஓடினேன், அவர் எழுந்து போய்விட்டிருந்தார். திரும்பி வந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டான். அடுத்த செவ்வாயும் தனியாகப் போனேன். "இன்னும் ஆள் வரலியா?" என்று கேட்டுவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டான்.

மாத்திரை நின்று பத்தாம் நாள் குரல் திரும்பி வந்தது. தம்பி தூங்கவில்லை. வீட்டுக்குள் சுவரோரமாக நடந்துகொண்டே இருந்தான். மூன்றாவது வாரம் ஒரு வியாழக்கிழமை நான் வேலை முடிந்து வந்தபோது ஆளைக் காணோம்.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன், சாயப்பட்டறை ஓரம், ஒரு இடம் விடவில்லை. பத்தொன்பதாம் நாள் மூலனூரிலிருந்து ஒரு அம்மா கம்பெனிக்குப் போன் செய்தார். அங்கே முருங்கைக்காய் மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருந்தவர். தம்பியின் சட்டைப் பையில் இருந்த கம்பெனி அட்டையைப் பார்த்து நம்பரைப் பிடித்திருக்கிறார். "பொழுதுக்கும் காய் கட்டுக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்குது கண்ணு. திருடன்னு நெனச்சு நேத்து லாரிக்காரங்க கட்டி வெச்சு அடிச்சுப்போட்டாங்க. நாந்தான் அவுத்து உட்டேன்" என்றார். போய்ப் பார்த்தேன். கால் இரண்டும் வெடித்திருந்தது. இடது காதிலிருந்து ரத்தம் வந்து காய்ந்திருந்தது. அந்தக் காது பிறகு கேட்கவே இல்லை.

அந்த அம்மாவுக்கு இன்றைக்கும் வருடா வருடம் புதுச் சேலை எடுத்துக் கொடுக்கிறேன். கம்பவுண்டருக்கு என்ன கொடுக்கலாம் என்று அன்றைக்குத் திரும்பி வருகிற பஸ்ஸிலேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். தம்பி ஜன்னலோரமாகத் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு வந்தான். அவனை அடித்த லாரிக்காரர்கள்மேல்கூட இவ்வளவு ஆத்திரம் வரவில்லை.

அவசரத்துக்குப் பிரைவேட் டாக்டரிடம் காட்டித் தம்பியை ஓரளவு தேற்றினேன். எங்கள் நிலைமைக்கு அதைத் தொடர முடியாது என்பது உண்மை. ஆனால் தொடர முடிந்திருந்தாலும் நான் அந்த ஜன்னலுக்குத் திரும்பிப் போயிருப்பேன். எனக்கு அந்த ஆள் வேண்டியிருந்தது.

முதலில் அறைந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அறைந்தால் ஒரு நாள் திருப்தி, அப்புறம் தம்பிக்கு மாத்திரை கிடைக்காது. ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற என்பார்கள். நான் பாட ஆரம்பித்தேன். வரிசையை நானே ஒழுங்கு பண்ணிக் கொடுத்தேன். ஒவ்வொரு வாரமும் முதல் ஆளாக நின்று "வணக்கமுங்க சார், நல்லா இருக்கறீங்களா சார்" என்றேன். வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் பக்கத்துப் பேச்சைக் கேட்டால் நாங்கள் எல்லாரும் பால் மாதிரி என்று நினைப்பு. எங்கள் ஊரில் பங்காளிச் சண்டையில் வெட்டப் போகிறவன்கூட "வாங்க" என்றுதான் கூப்பிடுவான்.

நான் பனியன் கம்பெனி என்று தெரிந்ததும் கம்பவுண்டர் வழக்கமாக எல்லாரும் கேட்கிறதைக் கேட்டான். "நமக்கு ரெண்டு பனியன் கொண்டாரக் கூடாதா?" கொண்டு போனேன். ஒவ்வொரு மாதமும் கொண்டு போனேன். கழிவில் விழுந்த பீஸாகப் பார்த்து எடுப்பேன். அக்குளில் ஓட்டை, கழுத்துப் பட்டி ஒரு நூல் கோணல், இரண்டு கை இரண்டு நீளம். ஸ்டிக்கரை மட்டும் உரித்துவிட்டு இஸ்திரி போட்டுக் கொடுப்பேன். அவன் அதைப் போட்டுக்கொண்டு எந்தக் கல்யாணத்திலாவது கையைத் தூக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வேன். அற்பம்தான். ஆனால் அந்த எட்டு மாதம் நான் தூங்கியதே அந்த அற்ப சந்தோஷத்தில்தான்.

அப்போதுதான் மெட்ராஸிலிருந்து ஒரு குழு வரப் போகிறது என்று பேச்சு கிளம்பியது. தெற்கே ஓரிடத்தில் கட்டி வைத்திருந்த நோயாளிகள் தீயில் செத்த பிறகு, மனநல வைத்தியத்தைப் பெரிய ஆஸ்பத்திரியோடு நிறுத்தாமல் சின்ன ஊர்களுக்கும் கொண்டு போக வேண்டும் என்று மேலே ஏதோ யோசனை ஓடிக்கொண்டிருந்தது. இங்கே அது தேவையா இல்லையா என்று நோயாளிகளையும் வீட்டு ஆட்களையும் கேட்டு எழுதிக்கொண்டு போகத்தான் அந்தக் குழு. கம்பவுண்டருக்கு அந்த யோசனையே பிடிக்கவில்லை. "ஏழெட்டு ஊருக்கு மாத்திரையைப் பிரிச்சு அனுப்பி, ஸ்டாக் எழுதி, யாரு சாகறது?" என்று என்னிடமே சொன்னான். ஆஸ்பத்திரியில் அவனுக்கு மேலே இருந்த பெரியவர்களும் இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஏற்கெனவே எழுதி அனுப்பியிருந்தார்கள். வருகிறவர்கள் முன்னால் அதைச் சொல்லப் பத்துப் பேரைத் தயார் செய்கிற பொறுப்பு இவன் தலையில் விழுந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவனே என்னை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் கூப்பிட்டான். "ஏம்மா, உங்க கம்பெனிக்கு வெள்ளைக்காரன் வர்றப்ப நீதானே லேபருக்கெல்லாம் பதில் சொல்லிக் குடுக்கற? இங்கயும் ஒரு பத்துப் பேருக்குச் சொல்லிக் குடுத்துரு. நல்லவிதமாச் சொல்லணும். உன் தம்பியும் வரட்டும், பார்க்க டீசன்டா இருக்கான்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அதுதான். "அதுக்கென்னுங்க சார், பண்ணிப்போடலாமுங்க" என்றேன். என் முகத்தில் ஏதாவது தெரிந்துவிடுமோ என்று குனிந்துகொண்டேன்.

அவன் சொன்னது உண்மை. அந்த வேலையையும் நான்தான் செய்துகொண்டிருந்தேன். துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிகள் ஆள் அனுப்பி, இங்கே தொழிலாளிகளை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்ப்பார்கள். அதற்கு 'ஆடிட்' என்று பெயர். ஆடிட்டுக்கு முந்தின நாள் முதலுதவிப் பெட்டியில் பஞ்சு வரும், தண்ணீர்க் குடத்துப் பக்கத்தில் புது டம்ளர் வரும், நடைபாதைக்கு மஞ்சள் பெயின்ட் வரும். வயது குறைவாகத் தெரிகிற பிள்ளைகளுக்கு லீவு வரும். ஆட்களுக்குப் பதில் சொல்லிக் கொடுப்பது என் வேலை. எட்டு மணி நேரம்தான் வேலை, ஓவர்டைம் எங்கள் இஷ்டம், சூப்பர்வைசர் திட்ட மாட்டார்.

முதல் வருடம் எனக்கு அந்தத் தொழில் தெரியவில்லை. நாற்பது பேருக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தேன். ஆடிட் பண்ண வந்தவர் நாலு பேரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். நாலு பேரும் ஒரு எழுத்துப் பிசகாமல் அதையே ஒப்பித்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே பேனாவை மூடினார். ஆர்டர் போய்விட்டது. முதலாளி எல்லார் முன்னாலும் என்னைக் கிழித்து எடுத்தார். அதற்குப் பிறகு ஒரு நாளும் ஒரே பதிலைச் சொல்லிக் கொடுத்ததில்லை. ஒருத்திக்கு மறதி வைப்பேன், ஒருத்திக்கு ஒரு சின்னக் குறை வைப்பேன், ஒருத்தியைச் சிரிக்க வைப்பேன். பொய் ஆளுக்கு ஒரு மாதிரி இருந்தால்தான் நம்புவார்கள்.

இது கம்பவுண்டருக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் எந்தச் செக்கிங்காரியைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள்.

இரண்டு செவ்வாய்க்கிழமை, ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டில் வைத்துப் பத்துப் பேருக்குப் பாடம் நடத்தினேன். எல்லாருக்கும் ஒரே வாக்கியம்: "வாராவாரம் தவறாம மாத்திரை குடுக்கறாங்க, அன்பா நடத்தறாங்க, எங்களுக்கு ஒரு குறையும் இல்லீங்க." ஒவ்வொருவரையும் பத்துத் தடவை சொல்ல வைத்தேன். ஒருவர் 'அன்பா' என்பதை 'பிரியமா' என்று மாற்றினார். திருத்தினேன். மகளைக் கூட்டிக்கொண்டு மாத்திரை வாங்க வருகிற ஒரு வயதான அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, நெசமாலுமே நமக்கு ஒரு குறையும் இல்லியா?"

"இருக்குதுங்கம்மா. ஆனா அப்படியேதான் சொல்லணுமுங்க. ஒரு எழுத்து மாறக் கூடாதுங்க."

"யாரு சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டா?"

"என்னையக் கை காட்டுங்க."

அவர் வெற்றிலை எச்சிலைத் துப்பினார். புரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. கம்பவுண்டர் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். எனக்கு டீ வாங்கிக் கொடுக்கச் சொன்னான். குடித்தேன், நன்றாக இருந்தது.

தம்பிக்கு மட்டும் நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவன் பொய் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். வெளி ஆட்களிடம் அவன் வாயே திறக்க மாட்டான் என்றும் நினைத்தேன்.

குழு வந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி எங்கள் கம்பெனி மாதிரியே இருந்தது. மண் பானைக்கு மூடி வந்திருந்தது. வரிசையில் நிற்கிறவர்களுக்கு பெஞ்ச் வந்திருந்தது. ஜன்னல் பலகைக்குப் பச்சை பெயின்ட் அடித்து இன்னும் காயவில்லை. கம்பவுண்டர் நான் கொடுத்த பனியன் ஒன்றைச் சட்டைக்குள் போட்டிருந்தான், கழுத்துப் பட்டி கோணலாக எட்டிப் பார்த்தது. கண்ணுக்கு அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது.

ஒரு பெரிய அறையில் அந்தப் பத்துப் பேரையும் தம்பியையும் வீட்டு ஆட்களோடு உட்கார வைத்தார்கள். குழுவில் மூன்று பேர். கேள்வி கேட்டது ஒரு டாக்டரம்மா, நரைத்த தலை, காட்டன் சேலை. கம்பவுண்டர் சுவரோரமாகக் கை கட்டி நின்றான். முதல் ஆளை எழுப்பிக் கேட்டார். வாராவாரம் தவறாம, அன்பா, ஒரு குறையும் இல்லீங்க. எழுதிக்கொண்டார். இரண்டாவது ஆளும் அதையே சொன்னார். எழுதிக்கொண்டார். மூன்றாவது ஆள் சொல்லும்போது நிமிர்ந்து பார்த்தார். நான்காவது ஆள் 'அன்பா' என்று வந்ததும் பேனா நின்றது.

எனக்கு அந்தப் பேனா தெரியும். முதல் வருடம் எங்கள் ஆர்டரைக் கொண்டுபோன அதே நிறுத்தம்தான். இந்தத் தடவை உள்ளுக்குள் பாயசம் குடித்த மாதிரி இருந்தது. கம்பவுண்டரைப் பார்த்தேன். அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

டாக்டரம்மா ஆஸ்பத்திரி ஆட்களை வெளியே போகச் சொன்னார். கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு அந்த வயதான அம்மாவைக் கேட்டார். "யார் சொல்லிக் குடுத்தாங்க, அம்மா?" அந்த அம்மா தயங்கவே இல்லை, நேராக என்னைக் காட்டினார்.

நான் எழுந்தேன். "நான்தானுங்க. மருந்து குடுக்கறவர் சொல்லிக் குடுக்கச் சொன்னாருங்க" என்றேன். பிறகு மடையைத் திறந்துவிட்டேன். எட்டு மாதம் தேக்கி வைத்த தண்ணீர். இல்லாத பைத்தியம் என்று சொன்னது, மாத்திரையை விசிறுவது, ஜன்னலைச் சாத்தியது, மூலனூர், லாரி, காது. மற்றவர்களும் ஒவ்வொருவராக வாயைத் திறந்தார்கள். 'பிரியமா' என்று சொன்னவர் அழுதார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்ட பிறகு டாக்டரம்மா என்னைக் கேட்டார். "அந்த ஆளை மாத்தறது பெரிய விஷயம் இல்லை. வேற ஒருத்தர் வந்தாலும் இதே ஏழு நாள்தானே, இதே செவ்வாய்க்கிழமைதானே?"

அதெல்லாம் எனக்கு அப்போது காதில் ஏறவில்லை. "மாத்துங்க, அது போதுமுங்க" என்றேன்.

அவர் நாற்காலியை இழுத்துத் தம்பியின் வலது பக்கம் போட்டு உட்கார்ந்தார். நான் சொல்லாமலே எந்தக் காது என்று கவனித்திருந்தார். "தம்பி, மாத்திரை கிடைக்காத அந்த வாரத்துல என்ன ஆச்சுன்னு நீங்க சொல்றீங்களா?"

தம்பி பேசினான். "மூலனூர்ல கட்டி வெச்சு அடிச்சாங்க."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி ஊட்ல கட்டி வெச்சிருந்தாங்க."

"யாரு?"

"அக்கா."

காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் இட்லி என்று சொல்வானே, அந்தக் குரலில்தான் சொன்னான்.

இதை நான் முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் சொல்லவில்லை, சொந்தக்காரர்களிடம் சொல்லவில்லை, மூலனூர் அம்மாவிடமும் சொல்லவில்லை. அந்த மூன்றாவது வாரம் ஷிப்மென்ட் வாரம். இரண்டு செவ்வாய் லீவு போட்டாகிவிட்டது, இன்னொரு நாள் வராவிட்டால் வரவே வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். தம்பி வாசலைத் திறந்துகொண்டு ரோட்டுக்கு ஓடினான். அம்மாவால் பிடிக்க முடியவில்லை. பனியன் வேஸ்ட்டைத் திரித்துக் கயிறாக்கி அவன் காலைக் கட்டில் காலோடு கட்டினேன். மெத்தென்ற துணி, அறுக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பனியன் துணி இழுத்தால் நீளும், முடிச்சு மட்டும் இறுகும். மூன்று நாள் கட்டினேன். அம்மா வேண்டாம் கண்ணு, வேண்டாம் கண்ணு என்று அழுதார். மூன்றாம் நாள் அவன் வீட்டில் கிடந்த நூல் வெட்டுகிற ட்ரிம்மரை எடுத்துக் கயிற்றை அறுத்துக்கொண்டு போனான். கட்டிங் மாஸ்டர் வெட்டினது, நேராக இருந்தது. மாத்திரை இல்லாததால் ஓடினான் என்றுதான் இத்தனை நாளும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் என்னிடமிருந்துதான் ஓடினான்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன், அது எனக்கு வரும்.

"ஏன் கட்டினீங்க?"

"வேலைக்குப் போவோணுமுங்க."

அதையும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டுச் சொன்னார். "நீங்க சொன்னதை வெச்சு அந்த ஆளை மாத்துவாங்க. இதை வெச்சுத்தான் நான் மத்ததைக் கேக்க முடியும். ஒரு செவ்வாய்க்கிழமை தவறினதுக்கு வீட்ல கட்டிப் போடற நிலைமைன்னா, இது ஜன்னலோட போற விஷயம் இல்லை. உங்க பேரைப் போடலை. ஆனா இந்த வரி ரிப்போர்ட்ல இருக்கும்." நான் தலையை ஆட்டினேன். வேறென்ன செய்வது? பத்துப் பேர் வாயில் நான் வைத்த வரியை அவர் பேனா நம்பவில்லை, நான் வைக்காத வரியை எடுத்துக்கொண்டது.

கம்பவுண்டரை மூன்று மாதத்தில் மாற்றினார்கள். எங்கோ ஒரு மருந்துக் கிடங்குக்கு, ஜன்னலே இல்லாத இடத்துக்கு. போகிற அன்றைக்கு எதிரில் வந்தான். "பாம்பு மாதிரி கூடவே இருந்து கடிச்சிட்டியே" என்றான். "போய்ட்டு வாங்க சார், உடம்பைப் பாத்துக்கங்க" என்றேன். சாயங்காலம் செக்கிங் பெண்கள் எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார்கள், சொல்லவில்லை. அந்த இனிப்பு இன்றைக்கும் எனக்குக் கசக்கவில்லை. அவனை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது சால்வை போட்டவர்களுக்குப் பிடிக்கும், ஆனால் பொய்.

அடுத்த வருடம் எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வந்தார். முதல் வியாழக்கிழமை தம்பியை நடத்தியே கூட்டிப்போனேன். பஸ்ஸே தேவைப்படவில்லை. மருந்து கொடுக்கிற இடத்தில் ஒரு சின்னப் பெண். தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முப்பது நாள் மாத்திரையை ஒரு கவரில் போட்டு, காலை எது ராத்திரி எது என்று எழுதி, கையில் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தான்.

"பழைய ஆளு எங்கங்க்கா?"

எத்தனை தடவை சொன்னாலும் எனக்குச் சலிக்காத செய்தி அது. ருசித்தே சொன்னேன். "தூரத்துக்கு மாத்திப்போட்டாங்க. உன்னைய அந்தப் பாடு படுத்தினான்ல, அதுக்குத்தான்."

தம்பி தலையாட்டினான். கவரை ஒழுங்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். வாசல்வரை வந்தவன் நின்றான்.

"அப்ப உங்களை எங்கங்க்கா மாத்துவாங்க?"

அவன் குத்திக் காட்டவில்லை, அது அவனுக்கு வராது. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று வெயிலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.